ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

அன்புக் கயல்,

போன ஞாயிறு என்னைத் தாம்பரம் வண்டி ஏற்றிவிட காட்டாங்குளத்தூர் ஸ்டேஷனுக்கு வந்தாயே, வண்டி நுழையும் நேரம் பார்த்துக் கேட்டாய்: "நான் ஜெர்மனி போயிட்டா, இங்க இருக்கிற நோயாளிங்களைக் கைவிட்டதா ஆயிடுமா பெரியம்மா?"

ஆகாது கண்ணு. முப்பது வருஷம் இந்த நர்ஸ் வேலை பார்த்தவள் சொல்கிறேன். நான் இரவு டியூட்டி பார்த்த வார்டில் நாற்பது படுக்கைக்கு நான் ஒருத்திதான். மூன்றாம் படுக்கையில் ஊசி போட்டு நிமிர்வதற்குள், முப்பதாம் படுக்கையில் டிரிப் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறியிருக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் ஓடுவேன். நோயாளியைக் கைவிட்டது நானா, இன்னொரு நர்ஸைப் போடாதவர்களா?

2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒப்பந்தச் செவிலியர்கள் போராட உட்கார்ந்தார்கள். அரசுத் தேர்வில் தேறி வந்த அவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய். தனியார் பக்கம், உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-ல் அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான மருத்துவமனைகூட 20,000-க்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. அதைக் கேட்டு வாங்கிய பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்த ஊரில் இருக்கச் சொல்பவர்கள், இருந்து பிழைக்கிற மாதிரி வைத்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளை எடுத்துக்கொள்கிற நாடும் இங்குள்ள நர்ஸிங் கல்லூரிகளுக்குப் பணம் தர வேண்டும். ஆள் பற்றாக்குறை உள்ள நாடுகளிலிருந்து வலிந்து ஆளெடுக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே நெறிமுறை வகுத்தது. கட்டாயமில்லை என்பதுதான் அதன் குறை.

நீ பயப்பட வேண்டியது கடனுக்கு. 2014-ல் ஈராக்கின் திக்ரித்தில் 46 இந்திய நர்ஸுகள் போரில் சிக்கினார்கள். பெரும்பாலும் கேரளப் பிள்ளைகள், ஒருத்தி நம் தூத்துக்குடிக்காரி. குண்டு விழும்போதும் சிலர் ஊர் திரும்பத் தயங்கினார்கள். வாங்கிய கடன் வாசலில் நிற்குமே! மறுவருஷம் மத்திய அரசு, வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு நர்ஸுகளை அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டது. நமக்கு அது தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். ஜெர்மனி அந்தப் பதினெட்டில் இல்லை. ஆனாலும் முதலில் அங்கேயே போய் விசாரி. தனியார் ஏஜென்ட் என்றால் பதிவு எண்ணைக் கேள். 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் அவர் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடு. அப்பாவின் நிலப்பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

மூலச் சான்றிதழை யாரிடமும் விடாதே. ஒரு தனியார் மருத்துவமனை என்னுடையதை எட்டு மாதம் வைத்துக்கொண்டு அலைக்கழித்தது.

ஒப்பந்தம் வந்ததும் தமிழிலோ இங்கிலீஷிலோ பெயர்த்து வாங்கு. பாதியில் வேலையை விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரி கடைசிப் பக்கங்களில் எங்காவது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வா, இருவரும் உட்கார்ந்து தேடுவோம்.

அன்புடன்,
பெரியம்மா