பொறியியல் பயிலாதார் புத்தொழில் தொடங்குதல்

"கணினி நிரல் என்றால் இன்னதென்றே நமக்குத் தெரியாது. நாம் எங்ஙனம் தொழில்நுட்பத் தொழில் தொடங்குவது?" என்று ஊராட்சிக் கூட்டங்களில் நம்மிடம் வினவுவோர் உளர். கைப்பேசி வாயிலாக உழவு இயந்திரங்களை வாடகைக்கு அமர்த்துதல், விளைபொருளை விற்றல், பாலுக்குக் கணக்கு வைத்தல் முதலிய பணிகளைச் செய்யும் புத்தொழில்கள் நாட்டில் பலவாகத் தோன்றியுள்ளன. அவற்றைக் கண்டு நம் ஊர் இளைஞர்க்கும் ஆவல் எழுவது இயல்பே. ஆயினும் அவருட் பலர் பொறியியல் பயின்றவரல்லர். அன்னார்க்கு இம்முயற்சி ஏற்குமா என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஆனந்த் காட்டிய வழி

இதற்கு விடை காணக் கணினியை விட்டுச் சற்றே பால்பண்ணைக்குச் செல்லுதல் வேண்டும். 1945-ஆம் ஆண்டில் பம்பாய் நகருக்குப் பால் வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றபோது, இன்றைய குஜராத் மாநிலத்தின் கேடா மாவட்டத்துப் பாலைச் சேகரித்து அனுப்பும் உரிமை ஒரே தனியார் நிறுவனத்திடம் இருந்தது. விலையோ உழவர் கையில் இல்லை. 1946 ஜனவரியில் சமர்கா என்னும் கிராமத்தில் உழவர் கூடிக் கூட்டுறவு அமைக்க உறுதி பூண்டனர். பதினைந்து நாட்கள் பம்பாய்க்குப் பால் தர மறுத்தனர். 14-12-1946 அன்று கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பதிவு செய்யப்பெற்றது. அதுவே பின்னாளில் அமுல் எனப் பெயர் பெற்றது.

அதன் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல் விடுதலைப் போரில் சிறை சென்றவர்; பால்பண்ணைத் தொழில்நுட்பம் பயின்றவரல்லர். ஆனால் எந்த ஊரில் பால் திரிகிறது, எந்த இடைத்தரகர் அளவில் ஏய்க்கிறார், எந்த மாதத்தில் பால் தேங்குகிறது என்பவற்றை ஊர் ஊராக நடந்து அறிந்திருந்தார். பொறியாளர் எவர்க்கும் வாய்க்காத அறிவு இது.

1949-இல் ஆனந்தின் அரசுப் பால்பண்ணையில் பணிக்கு வந்தவர் வர்கீஸ் குரியன். கோழிக்கோட்டிற் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர். அவ்வூரில் தங்க அவர்க்கு விருப்பமில்லை. அரசுப் பணியினின்றும் விடுபட்டுப் புறப்பட ஆயத்தமாயிருந்தார். ஒன்றியத்தின் பழைய இயந்திரங்கள் அடிக்கடி பழுதுபட்டமையால், பட்டேல் அவரிடம் உதவி வேண்டினார். பழையதை ஒட்டுப்போடுவதில் பயனில்லை, புதிய பதன இயந்திரம் வாங்குக என்றார் குரியன். பட்டேல் அவ்வாறே செய்தார். இயந்திரத்தை நிறுவிக் கொடுத்துவிட்டுச் செல்லுமாறு வேண்டியதால் தங்கிய குரியன், பிறகு ஆனந்தை விட்டு நீங்கவேயில்லை.

இன்னொரு செய்தி. எருமைகள் கோடையினும் குளிர்காலத்தில் மிகுதியாகக் கறக்கும். அம்மிகுதியைப் பம்பாய் ஏற்கவில்லை. எருமைப்பாலைத் தூளாக்க இயலாது என்று அயல்நாட்டு வல்லுநர் கூறிவந்தனர். குரியனின் நண்பரான பால் தொழில்நுட்ப அறிஞர் எச். எம். தலயா, வண்ணம் தெளிக்கும் கருவியையும் காற்றைச் சூடாக்கும் கருவியையும் கொண்டே அது இயலும் எனச் செய்து காட்டினார். 31-10-1955 அன்று பால்தூள் ஆலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். வேண்டிய பொருளைச் சிறிய அளவில், கிடைத்த கருவிகளைக் கொண்டு மெய்ப்பித்த பின்னரே பெரிய ஆலைக்குப் பணம் செலவாயிற்று என்பதை வாசகர் கருதுக.

நம் வட்டாரத்தில் நேர்ந்தது

இவ்வரிசை தலைகீழானால் என்னாகும் என்பதை நாம் நேரிற் கண்டோம். நம் வட்டாரத்து உழவர் குழு ஒன்று, நெல் அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு ஏற்பாடு செய்யும் கைப்பேசிச் செயலி ஒன்றை அமைக்க விரும்பியது. உறுப்பினர் பங்குத்தொகை திரட்டினர். ஒரு பெண்மணி கறவை மாட்டை விற்றுத் தம் பங்கைச் செலுத்தினார். நகரத்து மென்பொருள் நிறுவனம் ஒன்றிடம் தொகையில் பெரும்பகுதி முன்பணமாக அளிக்கப்பட்டது. ஒப்பந்தம் ஒற்றைத் தாளில் இருந்தது. அத்தாளைக் குழுவினர் நம்மிடம் காட்டியபோது, வாழ்த்துக் கூறினோமேயன்றி ஊன்றிப் படித்தோமில்லை. அது நம் பிழை. எட்டு மாதங்கழித்து அரைகுறையான செயலி ஒன்று வந்தது. திருத்தம் கேட்டதும் நிறுவனத்தார் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தினர். செயலியின் மூல நிரல் அவர்களிடம்; இணைய முகவரியும் கணக்குகளும் அவர்கள் பெயரில்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கொள்ளப்படுகிறது. நம்மிடம் ஊதியம் பெறும் பணியாளர் தம் பணியின்போது எழுதிய நிரல், வேறு உடன்பாடு இல்லையேல், நமக்கு உரியது. வெளியார் ஒப்பந்தத்தில் எழுதிய நிரலோ, பணம் கொடுத்தோம் என்பதனால் மட்டும் நமக்கு உரித்தாகிவிடாது; எழுதிக் கையொப்பமிட்ட ஆவணத்தால் உரிமை மாற்றப்பெறுதல் வேண்டும். அதிலும் காலம் குறிப்பிடாவிடில் 5 ஆண்டுகளுக்கும், எல்லை குறிப்பிடாவிடில் இந்தியாவிற்கும் மட்டுமே என்று சட்டம் கொள்ளும். ஆகவே ஒப்பந்தத்தில் இவையனைத்தும் தெளிவாக இடம்பெற வேண்டும். பணத்தையும் ஒரே தவணையிற் கொடுத்தல் ஆகாது. வீடு கட்டுவோர் கடைக்காலுக்கு இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு என்று கொடுப்பதுபோல், செய்து முடித்து நம் கையால் இயக்கிப் பார்த்த பகுதிக்கே தொகை தருக. இணைய முகவரியும் கணக்குகளும் முதல் நாளே குழுவின் பெயரில் இருத்தல் நன்று.

கூலிக்கு எழுதுவிப்பதினும், தொழில்நுட்பம் அறிந்த ஒருவரைப் பங்காளியாகச் சேர்ப்பதே சிறந்ததென்பது நம் கருத்து. ஆயினும் பங்கு முழுவதையும் முதல் நாளே எழுதிக் கொடுப்பது அறியாமை. ஓராண்டு உடனிருந்து உழைத்த பின்னர் ஒரு பகுதி, எஞ்சியது அடுத்த மூன்றாண்டுகளில் சிறிது சிறிதாக என்று வைப்பது புத்தொழிலாரிடையே வழக்கம். இடையில் விலகுபவர் பங்கின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு போக இயலாது. ஆலோசனை வேண்டுவோர் தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பையும், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொழில் காப்பகத்தையும் நாடலாம்.

குறிப்பேட்டில் தொடங்கிய தொழில்

குழுவினர் மனந்தளர்ந்திருந்த வேளையில், மாட்டை விற்ற அப்பெண்மணியே ஒரு வழி கூறினார். "செயலி இல்லாவிட்டால் என்ன? ஒரு நோட்டும் ஒரு போனும் இருக்கிறதே, சார்" என்றார். அவ்வாண்டுத் தை மாத அறுவடை முழுவதும் அவரே அழைப்புகளை ஏற்று, உழவர் பெயர், நிலத்தின் அளவு, வேண்டும் நாள் ஆகியவற்றைக் குறித்து, இயந்திர உரிமையாளரிடம் பேசி வண்டிகளை அனுப்பினார்.

அக்குறிப்பேடு நமக்கும் பலவற்றைக் கற்பித்தது. வண்டி எங்கே கிடைக்கும் என்பது உழவர்க்குத் தெரிந்தே இருந்தது. சொன்ன நாளில் வருமா என்பதே அவர்தம் கவலை. மழைக்குப்பின் நிலம் சேறாயிருந்தால் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டியே வேண்டும். இதை முன்கூட்டிக் கேளாமையால் வரப்புவரை வந்து திரும்பிய வண்டிகள் பல. மேலும், ஒரு வயலுக்காக நெடுந்தொலைவு வர உரிமையாளர் இசையார். அடுத்தடுத்த வயல்களைச் சேர்த்து ஒரே நாளில் வைத்தால் வாடகையும் குறைத்தார்கள். தொகை பெரிதும் செலவான அச்செயலியில் நிலத்தின் ஈரத்தைக் கேட்கும் கட்டம் ஒன்றுகூட இல்லை! கேட்க வேண்டுமென்று எழுதுவித்தவர்க்கே அப்போது தெரியாது.

இழந்த முன்பணம் திரும்பவில்லை. தரகாகக் கிடைத்த சிறு தொகையிலிருந்து பங்கு செலுத்தியோர்க்குத் தவணையாகத் திருப்பித் தருகின்றனர். கணினியியலில் பட்டயம் பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர் பங்காளியாகச் சேர்ந்து, அக்குறிப்பேட்டைப் பக்கத்திற் பிரித்து வைத்துக்கொண்டு புதிய நிரலை எழுதத் தொடங்கியுள்ளார். சென்ற வாரம் நாம் சென்றிருந்தபோது திரையில் முதற்கட்டம் மட்டுமே அமைந்திருந்தது. "நிலம் காய்ந்திருக்கிறதா, சேறாக இருக்கிறதா?" என்று அது கேட்டது.