மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்த நானோ அறிஞர்



நம் தோட்டத்து அண்ணன்மாரும் அக்காமாரும் பலர் பாயான் லெப்பாஸ், பிறை, கூலிம் ஆகிய இடங்களிலுள்ள மின்னணுத் தொழிற்சாலைகளுக்குச் சென்று வருகின்றனர். பாயான் லெப்பாசில் 1972-ஆம் ஆண்டு தொடங்கிய தொழில் அது. சில்லுகள் செய்யுமிடத்தில் தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி அணியச் சொல்வது ஏன் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு தூசி விழுந்தாலும் சில்லு கெட்டுவிடும். அவ்வளவு நுண்ணிய வேலை. அத்தகைய நுண்பொருள்களை ஆராய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் பேராசிரியர் சென்னுபாட்டி ஜெகதீஷ்.

இவர் 1957-ஆம் ஆண்டு ஆந்திர மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். மண்ணெண்ணெய் விளக்கின் முன்னமர்ந்தே இளமையில் பாடம் படித்தார். உயர்நிலைப் பள்ளிக் கல்வியைத் தொடர வழியில்லாதிருந்தபோது, ஆசிரியர் ஒருவர் தம் வீட்டிலேயே தங்கிப் படிக்க இடமளித்தார்.

இதைப் படித்தபோது என் நெஞ்சு உறுத்தியது. நான் பணியில் சேர்ந்த புதிதில், கணக்கில் கெட்டிக்காரனான மாணவன் ஒருவன் ஆறாம் ஆண்டை முடித்தான். இடைநிலைப்பள்ளி தொலைவில் இருந்தது, பேருந்துக்குப் பணமில்லை. தந்தையாரோடு பால்மரம் வெட்டப் போய்விட்டான். அப்போது என் வீட்டில் ஓர் அறை காலியாகவே இருந்தது. அதை அவனுக்குத் தரலாமென்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஜெகதீஷ் 1986-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்க் கனடாவில் ஆய்வு செய்து, 1990-இல் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் சென்றவர் அங்கேயே நிலைத்துவிட்டார்.

அவர் செய்த பணிதான் என்ன? ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் ஒரு கூறே நானோமீட்டர். நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். அவர் குழுவினர் வளர்க்கும் நானோ கம்பியோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்புடையது!

'வளர்க்கும்' என்று வேண்டுமென்றே எழுதினேன். இக்கம்பியை இழுத்து நீட்டிச் செய்வதில்லை. குறைகடத்தித் தகட்டின்மீது மிகச்சிறு தங்கத் துகள்களைப் பரப்பிச் சூடேற்றுவர். காலியம், ஆர்சனிக் என்னும் தனிமங்கள் கலந்த வாயுக்களை அதன்மேல் செலுத்துவர். தங்கத் துகள் அவற்றின் அணுக்களைத் திரட்டித் தன் அடியில் படிகமாக அடுக்கும். படிகம் உயர உயர, துகளும் மேலே எழும். அறிவியல் பாடத்தில் ஈரப் பஞ்சில் நாம் முளைக்க வைத்த பச்சைப்பயறு, தன் பருப்பைத் தலையில் சுமந்துகொண்டு எழுந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பொருள் சிறுக்கச் சிறுக்க, அதன் உட்பகுதியோடு ஒப்பிட மேற்பரப்பின் பங்கு கூடிவிடும். இக்கம்பியில் ஒளி உண்டாக வேண்டிய ஆற்றல் மேற்பரப்பிலேயே வீணாகிப்போகும். ஆகவே அலுமினியம் கலந்த மற்றொரு படிகத்தை உறைபோல அதன்மேல் போர்த்தினர். 2013-இல் அவர் குழுவினர், அறை வெப்பநிலையிலேயே லேசர் ஒளி தரும் நானோ கம்பியை உலகிற்குக் காட்டினர். சூரிய மின்கலங்களுக்கும் ஒளியை உணரும் கருவிகளுக்கும் இவ்வகைக் கம்பிகள் பயன்படுமாறு ஆய்வுகள் நடைபெறுகின்றன.

2016-இல் ஆஸ்திரேலிய அரசின் உயரிய விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2022-இல் ஆஸ்திரேலிய அறிவியல் கழகத்தின் தலைவரானார். அவரும் துணைவியார் வித்யாவும் தம் சொந்தப் பணத்தில் ஓர் அறக்கட்டளை நிறுவி, வளரும் நாடுகளின் மாணவர்கள் தம் பல்கலைக்கழகத்திற்கு வந்து ஆய்வுப் பயிற்சி பெற உதவுகின்றனர்.

பெற்றோர்களே, ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளையை இடைநிலைப்பள்ளிக்கு அனுப்ப இயலாத நிலை உங்கள் வீட்டில் இருக்குமாயின், பள்ளி விடுமுறைக்கு முன்பே என்னை வந்து காணுங்கள். மாலையில் வந்தாலும் சரி, வீட்டிற்கே வந்தாலும் சரி.