பாட்டில் வரும் பறவைகளும் புலனத்தில் பறக்கும் கதையும்

டிசம்பர் பிறந்துவிட்டால் சுங்கை வே வட்டாரப் பேரங்காடிகளில் பன்னிரண்டு நாள்களுக்கும் நாளொரு பரிசை அடுக்கிச் சொல்லும் ‘ட்வெல்வ் டேஸ் ஆஃப் கிறிஸ்மஸ்’ பாட்டு ஓயாமல் ஒலிக்கும். கூடவே புலனத்தில் ஒரு செய்தியும் சுற்றத் தொடங்கும்.

நம்பிக்கை: இங்கிலாந்தில் கத்தோலிக்கர்கள் ஒடுக்கப்பட்ட 1558 முதல் 1829 வரையிலான காலத்தில், பிள்ளைகளுக்கு மறைக்கல்வியை ஒளித்துப் புகட்ட எழுந்த இரகசியப் பாட்டு இது. பேரிக்காய் மரத்துக் கௌதாரி இயேசு, இரண்டு காட்டுப்புறாக்கள் பழைய, புதிய ஏற்பாடுகள், மூன்று கோழிகள் விசுவாசம், நம்பிக்கை, அன்பு, நான்கு பறவைகள் நான்கு நற்செய்திகள்.

உண்மை: இதற்கு அந்தக் காலத்துச் சான்று ஒன்றுகூட இல்லை. கனடாவைச் சேர்ந்த ஹியூ மெக்கெல்லர் 1979இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே கதை பரவியது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இரண்டு ஏற்பாடுகளும் நான்கு நற்செய்திகளும் பத்துக் கட்டளைகளும் ஆங்கிலிக்கன் சபைக்கும் பொதுவானவை. எல்லாரும் வெளிப்படையாகப் படித்ததை ஏன் ஒளிக்க வேண்டும்? ஒளிக்க வேண்டியிருந்தவை திருப்பலியும் போப்பாண்டவரின் தலைமையும். அந்த விளக்கத்தில் அவை இரண்டுமே இல்லை.

பாட்டு முதலில் அச்சானது லண்டனில், 1780 வாக்கில், ஒரு சிறுவர் நூலில். அங்கே அது நினைவாற்றல் விளையாட்டு. ஒருவர் பாடியதை அடுத்தவர் திருப்பிப் பாடி ஒரு வரி கூட்ட வேண்டும், தவறினால் தண்டம்.

நம்பிக்கை: நான்காம் நாள் பரிசு, கூவி அழைக்கும் பறவைகள்.

உண்மை: பழைய அச்சில் இருப்பது ‘காலி பேர்ட்ஸ்’, கரிபோல் கறுத்த பறவைகள் என்று பொருள். 1909இல் ஃபிரெடெரிக் ஆஸ்டின் இசையமைத்து வெளியிட்டபோதுதான் அது ‘காலிங் பேர்ட்ஸ்’ ஆயிற்று. கறுப்புப் பறவை என்றதும் கிள்ளான்காரர்களுக்குக் காகம்தான் நினைவுக்கு வரும். காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்னட்டும் என்று நூறாண்டுகளுக்கும் முன்பு இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட பறவை அது. பாட்டில் வருவது காகமில்லை. மஞ்சள் அலகுள்ள, அருமையாகப் பாடும் ஐரோப்பியப் பறவை. அதிலும் ஆண்தான் கறுப்பு, பெண் பழுப்பு.

நம்பிக்கை: இவையெல்லாம் இங்கிலாந்தின் கிறிஸ்மஸ் காலத்துப் பறவைகள்.

உண்மை: காட்டுப்புறா அங்கே கோடைக்கால விருந்தாளி. டிசம்பரில் அது சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, ஆப்பிரிக்காவில் இருக்கும். இங்கிலாந்தின் சாம்பல்நிறக் கௌதாரியும் தரையில் வாழ்ந்து தரையிலேயே கூடு வைப்பது. பேரிக்காய் மரத்தில் அதைப் பார்ப்பது அரிது. பன்னிரண்டு நாள் என்பதும் கிறிஸ்மஸுக்கு முந்திய நாள்கள் அல்ல. கிறிஸ்மஸ் தொடங்கி, ஜனவரி 6ஆம் தேதி திருக்காட்சிப் பெருவிழாவுக்கு முதல் நாள் வரை நீளும் நாள்கள்.

அந்தக் காட்டுப்புறா இன்று பிரிட்டனில் அழியும் தறுவாயில் இருப்பதுதான் என்னை வருத்துகிறது. 1960களின் பிற்பகுதியிலிருந்து அங்கே அதன் எண்ணிக்கை 95 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்துவிட்டது. வயலோரக் களைச்செடிகளின் விதைதான் அதன் தீனி. புதிய வேளாண்மை அந்த விதைகளை இல்லாமலாக்கியது. போதாததற்கு, வலசைப் பாதையில் வேட்டை வேறு.

எனவே புலனச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் புறாவைப் பற்றிச் சொல்ல விரும்பினால் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். குழந்தை இயேசுவைக் கோவிலுக்குக் கொண்டுசென்ற மரியாவும் யோசேப்பும் செலுத்தியது ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாத ஏழைகளின் காணிக்கை: ஒரு சோடிப் புறா.