மார்கழிக் குளிரில் இரை மறுக்கும் பாம்பு: இப்போது செய்ய வேண்டியவை

மழை ஓய்ந்து பனி இறங்கும் இந்த வாரங்களில், புதுச்சேரி லாஸ்பேட்டையில் பாம்பு வளர்ப்பவர்களுக்கு ஒரு கவலை வரும். எலியை வைத்தால் பாம்பு திரும்பிக்கூடப் பார்க்காது. அப்படியானால் இன்றைக்கு இரை வைப்பதை நிறுத்துங்கள். முதலில் கூண்டின் சூட்டை அளந்து பாருங்கள்.

மார்கழி, தை இரவுகளில் நம் பக்கம் வெப்பம் 21, 22 டிகிரி வரை இறங்குகிறது. கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த பால் பைத்தானுக்கு இந்தச் சூடு போதாது. அதன் கூண்டில் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி வரையிலும், மறுமுனை 25, 26 டிகிரியாகவும் இருக்க வேண்டும். கார்ன் ஸ்நேக்குக்கு வெது முனையில் 29, 30 போதும். பாம்பின் உடம்பு வெளிச்சூட்டை நம்பித்தான் இயங்குகிறது. அது குறைந்தால் செரிமானம் மந்தமாகி, விழுங்கிய எலி வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிடும். குளிரில் இரையை ஒதுக்கும் பாம்பு தன்னைக் காத்துக்கொள்கிறது. அதன் வாயைத் திறந்து எலியைத் திணிப்பதுதான் உண்மையான ஆபத்து.

சுவரில் மாட்டிய வெப்பமானியை நம்பாதீர்கள், அது அறையின் சூட்டை மட்டுமே காட்டும். டிஜிட்டல் வெப்பமானியின் முனையைப் பாம்பு படுக்கும் தரையிலேயே வையுங்கள். சூடேற்றும் பாய் கூண்டுக்கு அடியில், தெர்மோஸ்டாட் இணைப்போடு இருக்கட்டும். கூண்டுக்குள் பல்பு தொங்கவிட்டால் பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு தோலைப் பொசுக்கிக்கொள்ளும். கிரானைட், மார்பிள் தரையில் கூண்டை நேராக வைக்காமல் அடியில் ஒரு பலகை போடுங்கள்.

மின்வெட்டுக்கும் இப்போதே தயாராகுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும் வீதிகள் இருளில் மூழ்கியதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட இரவில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வைத்து, கூண்டைப் போர்வையால் மூடுங்கள்; காற்றுத் துளைகளை மட்டும் அடைக்க வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் அந்த வாரம் இரையே வேண்டாம். வயிறு நிறைந்த பாம்புதான் குளிரில் அதிகம் அவதிப்படும்.

மழைக்காலத்து ஈரமும் கெடுதல் செய்யும். கூண்டில் விரித்த செய்தித்தாள் நசநசத்துக் கிடந்தால் அடிவயிற்றுச் செதில் புண்ணாகும். குளிரும் சேர்ந்தால் சளி பிடிக்கும். ஈரமான விரிப்பை அன்றே மாற்றுங்கள்.

புகையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் அழுத்தியே சொல்கிறேன். கொசுவர்த்தி, திரவக் கொசுவிரட்டி, கரப்பான் ஸ்பிரே ஆகியவற்றில் உள்ள பூச்சிமருந்து பாம்புக்கும் நஞ்சு. பாம்பு இருக்கும் அறையில் இவற்றில் எதுவும் கூடாது. தெருவில் கொசுமருந்துப் புகை அடிக்கும் வண்டியின் சத்தம் கேட்டதுமே சன்னலைச் சாத்திவிடுங்கள். மார்கழிச் சாம்பிராணி, போகிப் புகை நாட்களிலும் அப்படியே. கொசு தொல்லை என்றால் கூண்டுக்கு மேல் வலை போடலாம்.

சூடு சரியாகி ஒரு வாரம் கழித்து இரை வைத்துப் பாருங்கள். பைத்தான் இரவில் நடமாடும் பிராணி. விளக்கணைத்த பிறகு வைப்பதே நல்லது. இரையின் பருமன் பாம்பு உடலின் மிகப் பருத்த பகுதியை மிஞ்ச வேண்டாம். உறைந்த எலியை முதல் நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் பையில் கட்டி வெந்நீரில் வைத்து, தொட்டால் வெதுவெதுப்பாகும் வரை சூடாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம். தொடாவிட்டால் காலையில் எடுத்து எறிந்துவிட்டு, அடுத்த முயற்சியைப் பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளி வையுங்கள். தினமும் நீட்டிக்கொண்டிருந்தால் பாம்பு இன்னும் மிரளும்.

உயிருள்ள எலியைக் கூண்டில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பசித்த எலி பாம்பின் முதுகைக் கடித்துக் குதறிவிடும். வீட்டுப் பொறியில் சிக்கிய எலியும் ஆகாது. பக்கத்து வீட்டில் வைத்த எலி மருந்தை அது தின்றிருந்தால், அந்த நஞ்சு பாம்புக்கும் போய்ச் சேரும்.

கண் பால்போல மங்கியிருந்தால் பாம்பு சட்டை உரிக்கப் போகிறது. உரித்து முடிக்கும் வரை விட்டுவிடுங்கள். இனப்பெருக்கப் பருவத்து ஆண் பைத்தானும், முட்டை சுமக்கும் பெண்ணும் மாதக்கணக்கில் இரையின்றி இருப்பது இயல்பு. பொங்கல் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் கூண்டைத் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒளிந்துகொள்ள ஒரு மூடிய பெட்டியும், தினமும் மாற்றிய தண்ணீரும் கூண்டில் இருக்க வேண்டும். பால் ஊற்ற வேண்டாம். பாம்பின் உணவில் பாலுக்கு இடமில்லை. வற்புறுத்திப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய் உயிரையே எடுக்கும்.

கவலைப்பட வேண்டுமா, காத்திருக்கலாமா என்பதைத் தராசுதான் சொல்லும். சமையலுக்குப் புழங்காத ஒரு டிஜிட்டல் தராசில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். வளர்ந்த பாம்பின் எடை நிலையாக நின்றால் பொறுத்திருக்கலாம். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் மருத்துவரிடம் போங்கள். குஞ்சுகளுக்கு உடம்பில் சேமிப்பு குறைவு. ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, ஈற்றில் சீழ், செதிலிடையே கருப்புப் புள்ளியாய் நகரும் உண்ணி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் எடையைப் பார்க்க வேண்டியதில்லை, அன்றே புறப்படுங்கள். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனம் இருக்கிறது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. ஊர்வன பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா என்று முதலில் தொலைபேசியில் கேளுங்கள். தலையணை உறையில் விட்டுக் கட்டி, துளையிட்ட பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போங்கள். கிடைத்தால் சமீபத்திய எச்சத்தையும் சிறு டப்பாவில் கொண்டு போங்கள். குடற்புழு உண்டா என்று பார்க்க அது உதவும்.

இவ்வளவும் அயல்நாட்டுப் பாம்புகளுக்கு. மழையில் வாசலுக்கு வந்த சாரைக்குட்டியையோ, அதிர்ஷ்டம் தரும் என்ற பேச்சை நம்பி வாங்கிய மண்ணுளியையோ டப்பாவில் வைத்துக்கொண்டு “ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறது?” என்று கேட்பவர்களும் உண்டு. அது பயத்தில் சாப்பிடாது, அப்படியே செத்தும் போகும். நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையன் என்று நீங்கள் நினைப்பது கட்டுவிரியன் குட்டியாக இருக்கலாம். வனத்துறையை அழையுங்கள். கடித்துவிட்டால் நேரே கோரிமேடு ஜிப்மருக்குப் போங்கள். கயிறு கட்டுவதும் கீறிவிடுவதும் வேண்டாம்.

பைத்தான் வைத்திருப்போர் தாளையும் சரிபாருங்கள். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, பால் பைத்தான் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய விண்ணப்பிக்க வேண்டும். 2023 ஏப்ரல் 28 அன்று கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்த ஒரு பயணியின் பைகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் பிடிபட்டன. அப்படி டப்பாக்களில் அடைபட்டு வரும் உயிர்கள் இரை மறுப்பதில் வியப்பென்ன? தாள் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் பாம்பை வாங்காதீர்கள். சாப்பிடவில்லை என்று சலித்து ஊசுட்டேரிப் பக்கமோ விமான நிலையப் புதரிலோ விட்டுவிடவும் கூடாது.

மாசி பிறந்து வெயில் ஏறும்போது பல பாம்புகள் தாமாகவே இரை தேடும். அப்போது பழைய அளவு எலியைக் கொடுக்காமல், பாதி அளவில் ஒன்று கொடுங்கள். இரண்டு நாள் கையில் எடுக்காதீர்கள். கக்கிவிட்டால் இரண்டு வாரம் தண்ணீர் மட்டும். பிறகு அதைவிடச் சிறிய இரை.