நம் கையால் ஒரு குடில்



ஆகமன காலம் என்று நம் முன்னோர் சொல்லிவந்த திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது. வயலில் பயிர் நிற்கிறது. ஆனால் அநேக வீடுகளில் கையில் காசு இல்லை. அறுவடை தை மாதத்தில். கர்த்தர் பிறந்த திருநாளோ அதற்கு முன்பே வந்துவிடுகிறது. நகரத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கும் டிசம்பர் 25 என்பது மாதக் கடைசிதான். ஆகையால் இந்நாட்களில் பல வீடுகளில் ஒரே பேச்சு: "பிள்ளைகளுக்குத் துணி எடுக்க யாரிடம் கேட்பது? கறிக்கு என்ன செய்வது?" விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைகளில் கூட்டம் நெரிகிறது. வட்டிக்கு வாங்கியாவது திருநாளை நடத்திவிட வேண்டுமென்று குடும்பத் தலைவர் துணிந்துவிடுகிறார். திருநாள் ஒரு நாளில் முடிந்துபோம்; வட்டியோ அடுத்த திருநாள் மட்டும் நம்மோடு கூட வரும். அந்த வட்டியினால் வீட்டில் எழும் சண்டைக்குக் கணக்கே இல்லை.

இன்றைய பாடத்தில் நாம் சொல்ல வந்தது ஒன்றே. பாலசேசுவின் திருநாளுக்குக் கடன் வேண்டியதில்லை; நம் நேரமும் நம் கையும்தான் வேண்டும். வீட்டார் எல்லோரும் கூடி உட்கார்ந்து தங்கள் கையால் செய்கிற ஒரு சிறு குடில், பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பும் ஆகும், பெரியவர்களுக்கு ஆத்தும சோதனையும் ஆகும்.

முதற் குடில்

குடில் கட்டும் வழக்கத்தைக் கிறிஸ்தவ உலகத்தில் பரவச் செய்தவர் அர்ச். பிரான்சிஸ் அசிசியார். 1223-ம் ஆண்டு, இத்தாலி தேசத்தில் கிரேச்சோ என்னும் மலையூரில் அது நடந்தது. திருநாளுக்குச் சுமார் பதினைந்து நாள் முன்னதாகவே அவர் அவ்வூரிலிருந்த ஜான் என்னும் நண்பரை அழைத்து, பெத்லகேமில் குழந்தை பட்ட எளிமையைக் கண்ணால் காண விரும்புவதாகச் சொல்லி, வேண்டியவற்றை ஆயத்தம் செய்யச் சொன்னார். என்னென்ன ஆயத்தமாயின? ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவே. ஊர் ஜனங்கள் தீவட்டியும் மெழுகுதிரியும் ஏந்தி வந்தார்கள். அந்தத் தொட்டியருகே பூசை நடந்தது. பிரான்சிஸ் அசிசியார் தியாக்கோனாக நின்று சுவிசேஷத்தைப் பாடினார். அதற்கு மூன்று ஆண்டுக்குப்பின் அவர் மரித்தார். எண்ணூறு ஆண்டு கடந்தும் அந்த இரவு மறக்கப்படவில்லை. 2019-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி பாப்பானவர் பிரான்சிஸ் அதே கிரேச்சோவுக்குப் போய், குடில் கட்டும் பழக்கத்தைக் குடும்பங்கள் கைவிடாதபடி கேட்டு ஒரு நிருபம் வெளியிட்டார்.

கவனியுங்கள். முதற் குடிலில் விலை கொடுத்து வாங்கிய ஜோடனை ஒன்றுமில்லை. ஒரு குடியானவர் வீட்டுத் தொழுவத்தில் உள்ளவையே அங்கே இருந்தன. நம் பக்கத்துக் கிராமங்களில் அவற்றுக்கு இன்றும் குறைவில்லை.

சூசையப்பரின் மௌனம்

தகப்பன்மாரே, இந்தப் பகுதி உங்களுக்கு. வேதாகமம் முழுவதும் தேடினாலும் அர்ச். சூசையப்பர் பேசிய வார்த்தை ஒன்றுகூடக் கிடைக்காது. அவர் எழுந்தார், போனார், கூட்டிவந்தார், காப்பாற்றினார் என்றுதான் காண்கிறோம். அவர் தச்சர், கையால் பேசியவர். அவரையே காவியத் தலைவராக வைத்து வீரமாமுனிவர் (1680–1747) 3,615 பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார். அதில் அவருக்கு வளன் என்று அழகிய தமிழ்ப் பெயரும் சூட்டினார். ஒரு வார்த்தையும் பேசாத ஒரு தகப்பனுக்கு, நம் மதுரை மிசியோனில் உழைத்த ஒரு குரு இவ்வளவு பெரிய காவியம் செய்தார்.

பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யும் உபதேசத்தைக் காட்டிலும், அவர்களோடு தரையில் உட்கார்ந்து நீங்கள் மூங்கில் சீவியதை அவர்கள் நெடுநாள் நினைத்திருப்பார்கள். "வேலைவிட்டு வர இரவாகிவிடுகிறது, பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை" என்பீர்கள். மெய்தான். சனி, ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் போதும். மற்ற நாட்களில் செபமாலைக்குப் பின் கால் மணி நேரம் போதும்.

செய்யும் விதம்

முளை: டிசம்பர் 14-ந் தேதி வாக்கில் தேங்காய்ச் சிரட்டைகளில் மண்ணும் மக்கிய எருவும் இட்டு, கடுகு, வெந்தயம், கேழ்வரகு இவற்றை ஒரு நாள் ஊறவைத்துத் தெளியுங்கள். சில சிரட்டைகளை வெளிச்சத்திலும், ஒன்றை மட்டும் இருட்டறையிலும் வையுங்கள். முளைப்பாரி வளர்க்கும் ஊர்ப் பெண்களுக்கு இது தெரிந்த சங்கதி: இருட்டில் வளர்ந்தது நெட்டையாயும் வெளிறி மஞ்சளாயும் இருக்கும், வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் பச்சை பிடிக்கும். "ஒளியில்லாத ஆத்துமமும் இப்படித்தான்" என்று தாய்மார் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளை மறவாது. திருநாளன்று இதுவே குடிலின் புல்வெளி.

மண் உருவங்கள்: கண்மாய்க் களிமண்ணைக் கல்லும் வேரும் நீக்கி, கொஞ்சம் மணலும் உமியும் சேர்த்து நன்றாய்ப் பிசையுங்கள். களிமண் மட்டும் என்றால் காயும்போது வெடிக்கும். ஆடு, மாடு, இடையர் இவற்றைப் பிள்ளைகள் தங்கள் கைக்கு வந்தபடி செய்யட்டும். மாட்டின் கால் கோணியிருந்தால் திருத்தவேண்டாம். வெயிலில் வைக்காமல் நிழலில் நாலைந்து நாள் உலர்த்துங்கள். சுடாத மண்ணாகையால் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

திருக்குடும்பத்தின் மூன்று சுரூபங்களை மட்டும் வாங்க நினைத்தால், திருப்பரங்குன்றத்துக்கு அருகிலுள்ள விளாச்சேரிக்குப் போகலாம். கொலுப் பொம்மை செய்யும் அவ்வூர்க் குயவர் குடும்பங்கள் நமக்குக் குடில் சுரூபங்களும் செய்து தருகிறார்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். மண் எப்படி உருவாகிறது என்று அவர்கள் பார்க்கட்டும். நம் காசும் ஓர் உழைப்பாளி வீட்டு அடுப்புக்குப் போகட்டும்.

நட்சத்திரம்: இரண்டடி நீளத்தில் பத்து மூங்கில் சிம்புகள் வேண்டும். ஐந்து சிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று மாற்றி வைத்துக் கட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று. மற்ற ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து முனைகளையும் நூலால் இறுகக் கட்டுங்கள். பிறகு நடுவில் சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும், நாலு விரல் அளவுள்ள ஐந்து குச்சிகளை இரு நட்சத்திரங்களுக்கும் இடையே நிறுத்தினால் அது உப்பி நிற்கும். மைதாப் பசை காய்ச்சி வண்ணத் தாள் ஒட்டுங்கள். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடும் வழக்கமுண்டு. அது விஷம், பிள்ளைகள் ஒட்டும் பசையில் சேர்க்கவேண்டாம். உள்ளே சிறிய மின்விளக்கு வைத்தால் போதும். தாளுக்கும் வைக்கோலுக்கும் பக்கத்தில் மெழுகுதிரி ஏற்றி வைத்துவிட்டுப் பூசைக்குப் போகவே கூடாது.

குடிலுக்கு நாலு கம்பு நட்டுப் பனையோலை வேய்ந்தால் ஆயிற்று.

ஏழையின் காணிக்கை

இவ்வளவு எளிதாய்ச் செய்தால் அக்கம்பக்கத்தார் குறைவாய் நினைப்பார்களே என்று கூச்சப்படுவோர் உண்டு. அவர்கள் அர்ச். லூக்காஸ் எழுதிய சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கட்டும். குழந்தையைத் தேவாலயத்தில் ஒப்புக்கொடுக்கப் போனபோது தேவமாதாவும் சூசையப்பரும் கொடுத்த காணிக்கை ஒரு ஜோடி பறவை. ஆட்டுக்குட்டி கொடுக்க வகையில்லாத ஏழைகளுக்கு மோயீசனின் சட்டம் அனுமதித்த காணிக்கை அது. திருக்குடும்பம் தன் ஏழ்மையை மறைக்கக் கடன் வாங்கவில்லை. உள்ளதைக் கொண்டு போனது.

இடையரையும் நினையுங்கள். அறுப்பு முடிந்த நம் வயல்களில் கிடை போட்டு, பனியில் ஆட்டு மந்தைக்குப் பக்கத்திலேயே படுத்து உறங்குகிற கீதாரிகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நடுச்சாமத்தில் முதற் செய்தி வந்தது அப்படிப்பட்ட மனிதருக்கே. பிள்ளைகள் மண்ணில் இடையனைப் பிடிக்கும்போது, தலையில் முண்டாசும் தோளில் கம்பளியுமாக நம் ஊர்க் கீதாரியைப்போலவே பிடிக்கட்டும்.

ஒரு நாளைக்கு ஒரு வைக்கோல்

குடில் கட்டியாயிற்று. ஆனால் 24-ந் தேதி இரவு மட்டும் தீவனத் தொட்டி வெறுமையாயிருக்கட்டும். அதன் பக்கத்தில் ஒரு கைப்பிடி வைக்கோலை வையுங்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு பழைய பக்தி முயற்சி உண்டு. அன்றைய தினம் பாலசேசுவுக்காக ஓர் ஒறுத்தலோ நற்செயலோ செய்தவர், மாலைச் செபத்துக்குப் பின் ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டியில் இடவேண்டும். என்ன செய்தோம் என்று வெளியே சொல்லக் கூடாது. தம்பிக்குப் பெரிய பங்கைக் கொடுத்தது, அம்மா கூப்பிடுமுன் தண்ணீர் எடுத்து வைத்தது, வந்த கோபத்தை விழுங்கியது, குடிக்கப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தது, எல்லாம் ஒரு வைக்கோல்தான். திருநாள் இரவில் மெத்தை எவ்வளவு கனத்திருக்கிறதென்று எல்லோரும் பார்ப்பீர்கள்.

இங்கேதான் பெரியவர்களுக்குப் பரீட்சை. ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குடில் வெகு சிறப்பு. நட்சத்திரம் வாசலில் மின்னுகிறது. அடுத்த சுவர் வீடு கூடப்பிறந்த அண்ணன் வீடு. வரப்புத் தகராறில் பேச்சு நின்று நாலு வருஷம். நடுச்சாமப் பூசையில் ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். பிள்ளைகள் மட்டும் பெரியவர்கள் பாராதபோது சிரித்துக்கொள்கிறார்கள். இந்த வீட்டார் தினம் பத்து வைக்கோல் போட்டாலும் பாலசேசு கேட்கிற வைக்கோல் ஒன்று இன்னும் வெளியே கிடக்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன், ஒரு தட்டில் அதிரசமும் முறுக்கும் வைத்து, சின்ன மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வாசலில் போய் நில்லுங்கள். "அண்ணே, குடில் கட்டியிருக்கோம், பிள்ளைகளைப் பார்க்க அனுப்புங்க" என்று சொன்னால் போதும். வரப்பை அளப்பது பிறகு ஆகட்டும்.

இடம் உண்டா?

பெத்லகேமில் சத்திரத்தில் இடமில்லை. நம் வீட்டில் உண்டா? போலந்து தேசத்துக் கத்தோலிக்கர் திருநாளுக்கு முந்தின இரவுச் சாப்பாட்டில், மேசை விரிப்பின் கீழ் கொஞ்சம் வைக்கோலைப் பரப்பி, எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்காக ஓர் இடத்தைக் காலியாய் விட்டுவைப்பார்கள்.

நம் பங்கிலும் அந்த விருந்தாளி இருக்கிறார். இவ்வருஷம் சாவு விழுந்த வீட்டில், "எங்களுக்குத் திருநாள் இல்லை" என்று பலகாரம் சுடமாட்டார்கள். வாசல் இருண்டு கிடக்கும். செங்கல் காளவாசலில் வெளியூர்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு தங்கியிருக்கின்றன. மகன்கள் தூரதேசம் போக, ஒண்டியாய்ச் சமைத்து உண்ணும் கிழவி தெருக்கோடியில் இருக்கிறார். ஆகையால் மூங்கில் சீவும்போது இன்னொரு நட்சத்திரத்துக்கும் சேர்த்துச் சீவுங்கள். அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அப்படி ஒரு வீட்டு வாசலில் அவர்கள் சம்மதத்தோடு கட்டிவிட்டு, பலகாரமும் கொடுத்து வரச்செய்யுங்கள். தீபாவளிக்கு நமக்குப் பலகாரம் தந்த இந்துச் சகோதரர் வீட்டையும், பெருநாளுக்குப் பிரியாணி அனுப்பிய முஸ்லிம் அன்பர் வீட்டையும் மறக்கவேண்டாம்.

திருநாளுக்குப் பின்

திருக்குடும்பத் திருநாளை 1893-ல் 13-ம் சிங்கராயர் பாப்பானவர் ஏற்படுத்தினார். 1921 முதல் அது திருச்சபை முழுவதற்கும் பொதுவாயிற்று. இப்போதைய முறைப்படி கர்த்தர் பிறந்த திருநாளை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடுகிறோம். அந்த ஞாயிறு மாலை வீட்டார் எல்லோரும் குடில்முன் கூடி ஒரு செபமாலை சொல்லுங்கள். மூன்று இராஜாக்கள் திருநாளுக்குப்பின் குடிலைப் பிரிக்கும்போது சுரூபங்களைத் துணியில் சுற்றி வையுங்கள். முளையும் வைக்கோலும் ஆடு மாட்டுக்கு. மண் உருவங்களை மறுபடி வயலில் சேர்த்துவிடலாம். வீணாய்ப் போவது ஒன்றுமில்லை, அடைக்கவேண்டிய கடனும் இல்லை.

இவ்வாரத் தீர்மானம்

1. திருநாள் செலவைக் கணவனும் மனைவியும் ஒன்றாய் உட்கார்ந்து எழுதி, வட்டிக்கு வாங்குவதில்லை என்று முடிவு செய்வது.
2. சனிக்கிழமை மாலை பிள்ளைகளோடு குடில் வேலையைத் தொடங்குவது.
3. பேச்சு நின்றுபோன ஒரு வீட்டுக்கு நாமே முதலில் போவது.

செபம்: தொழுவத்தில் பிறக்கத் திருவுளமான பாலசேசுவே, எங்கள் வீட்டில் உள்ளதைக் கொண்டு உமக்கு இடம் செய்கிறோம். எங்கள் கோணல் கைவேலையை ஏற்றுக்கொள்ளும். எங்கள் மனக்கோணலை மட்டும் நீரே திருத்தியருளும். ஆமென்.