ஆள் இறங்கலாம், பெட்டி இறங்குமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஓர் ஊருக்கு நேராகப் போகும் டிக்கெட்டைவிட, அதே ஊரில் விமானம் மாறி இன்னும் தொலைவு போகும் டிக்கெட் மலிவாகக் கிடைப்பதுண்டு. போட்டி மிகுந்த ஊருக்கு விமான நிறுவனம் விலையைக் குறைக்கிறது, தன் கை ஓங்கிய ஊருக்கு ஏற்றுகிறது. அதனால்தான் ‘தொலைவான டிக்கெட்டை வாங்கு, நடுவில் இறங்கிக்கொள்’ என்ற யோசனை பரவியிருக்கிறது. சிக்கனம் கருதாமலும் இந்த ஆசை வரும். ‘மகன் நியூயார்க்கிலேயே காரோடு வந்து நிற்பான், கடைசி ஃப்ளைட் எதற்கு?’ என்று கேட்கும் பெற்றோர் எத்தனையோ பேர். காரணம் எதுவானாலும், சீட்டைக் கைவிடுவது எளிது. செக்-இன் செய்த பெட்டியை மீட்பதுதான் கடினம். அதைப் பற்றி உலவும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: நாம் இறங்கும் ஊரில் பெட்டியும் பெல்ட்டில் வந்துவிடும்.

உண்மை: வராது. பெட்டியை நடத்திச் செல்வது அதன் கைப்பிடியில் சுற்றிய டேக் மட்டுமே. அதில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடும், பத்து இலக்க எண்ணும், அந்த எண்ணைச் சொல்லும் பட்டைக்கோடும் இருக்கும். இடையில் விமானம் மாறும்போது அந்தப் பட்டைக்கோட்டைப் படித்தே பெட்டியை அடுத்த விமானத்துக்கு அனுப்புகிறார்கள். சர்வதேச விமானப் போக்குவரத்துக் கூட்டமைப்பான ஐயாட்டாவின் 753ஆம் தீர்மானப்படி, 2018 ஜூன் முதல் நான்கு கட்டங்களில் பெட்டியின் நடமாட்டத்தைப் பதிவுசெய்ய வேண்டும்: பயணியிடம் வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, விமானம் மாற்றும்போது, திருப்பித் தரும்போது. உங்கள் மனமாற்றம் இந்த நான்கில் எதிலும் பதிவாவதில்லை. கவுண்டரில் டேக் ஒட்டியதும் அதில் எந்த ஊர் அச்சாகியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

நம்பிக்கை 2: ஆள் ஏறாவிட்டாலும் பெட்டி கடைசி ஊருக்குப் போய்ச் சேரும். பிறகு ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

உண்மை: வெளிநாட்டு விமானங்களில் இது நடக்காது. அதற்குப் பின்னால் ரத்தம் தோய்ந்த வரலாறு இருக்கிறது. 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கத்தில் வெடித்த குண்டு, கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்கென ஒப்படைக்கப்பட்ட பெட்டியில் இருந்தது. ஒப்படைத்தவர் விமானம் ஏறவில்லை. 33 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடல் மேல் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டார்கள். வான்கூவர் கவுண்டரில் ஒருவர், டொராண்டோவுக்கு அப்பால் தனக்கு இருக்கை உறுதியாகாத நிலையிலும், டெல்லி வரை டேக் போட்டே ஆகவேண்டும் என்று வாதாடி வென்றார். பெட்டி ஏறியது, விமானம் மாறியது. அவர் ஏறவேயில்லை. 1988 டிசம்பரில் லாக்கர்பி மீது வெடித்த பான் ஆம் விமானத்திலும் குண்டு இருந்தது ஆளில்லாமல் விமானம் மாறிவந்த ஒரு பெட்டியில்தான்.

இவற்றின் விளைவாக, ஆள் ஏறாத பெட்டியை இறக்குவது சர்வதேச விமானங்களில் விதியாக நிலைபெற்றது. பயணி வரவில்லை என்றால் முதலில் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். பிறகு சரக்கறையைத் திறந்து பெட்டியைத் தேடுவார்கள். அந்தத் தாமதத்தை விமானத்தில் இருக்கும் அத்தனை பேரும் உட்கார்ந்து அனுபவிப்பார்கள். அப்படி இறக்கிய பெட்டியும் உடனே உங்கள் கைக்கு வராது. டேக்கின் அடிச்சீட்டோடு போய் நிறுவனத்தின் லக்கேஜ் அலுவலகத்தில் கேட்டுப் பெறவேண்டும்.

அமெரிக்க உள்நாட்டு விமானங்கள் இதற்கு விலக்கு. 2002 ஜனவரியில் அங்கு பயணியையும் பெட்டியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் இந்த முறை வந்தபோதே முதல் விமானத்துக்கு மட்டும்தான் வந்தது, இணைப்பு விமானத்துக்கு வரவில்லை. அந்த ஆண்டு முடிவுக்குள் எல்லாப் பெட்டிகளையும் வெடிபொருள் சோதனைக்கு உட்படுத்துவது என்ற வழியை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அதனால் அங்கே நீங்கள் டென்வரில் இறங்கினாலும் பெட்டி சியாட்டலுக்குப் போய்விடும்.

நம்பிக்கை 3: கவுண்டரில் கேட்டால் நடுவூர் வரைக்கும் டேக் போட்டுத் தருவார்கள்.

உண்மை: சில நேரங்களில் மட்டும். நடுவில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கினால், அல்லது அடுத்த விமானம் வேறு விமான நிலையத்திலிருந்து புறப்பட்டால், பெட்டியை அங்கேயே தருவது வழக்கம். இரவு முழுக்கக் காத்திருக்கும் பயணத்திலும் கேட்டுப் பார்க்கலாம். இரண்டு மணி நேர இடைவெளிக்கு இப்படிக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள். இன்னொன்று: பெல்ட் இமிக்ரேஷனுக்கு அப்பால்தான் இருக்கிறது. அந்த நாட்டு விசா இல்லையென்றால் பெட்டி வந்தும் பயனில்லை.

நம்பிக்கை 4: கேபின் பேக் மட்டும் என்றால் கவலையே இல்லை.

உண்மை: தலைக்கு மேல் இடம் நிரம்பிவிட்டால், விமானத்தின் வாசலிலேயே உங்கள் பையை வாங்கி டேக் போட்டுக் கீழே அனுப்பிவிடுவார்கள். அந்த டேக் பொதுவாகக் கடைசி ஊருக்குத்தான். சிறிய விமானங்களில் இறங்கும் வாசலிலேயே பையைத் திருப்பித் தரும் பழக்கம் உண்டு. பெரிய விமானங்களில் அதை எதிர்பார்க்க முடியாது. இருக்கைக்கு அடியில் நுழையும் பைதான் கடைசி வரை நம் கையை விட்டுப் போகாது. பாஸ்போர்ட், மருந்து, நகை எல்லாம் அதில் இருக்கட்டும்.

நம்பிக்கை 5: அமெரிக்கா போகும்போது முதல் ஊரில் பெட்டி கைக்கு வரும், அதனால் அங்கேயே கிளம்பிவிடலாம்.

உண்மை: முதல் பாதி பெரும்பாலும் சரி. அமெரிக்காவில் கால் வைக்கும் முதல் ஊரில் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும் என்பதே பொது விதி. துபாய் வழியாக நியூயார்க் போய், அங்கிருந்து பஃபலோ போகும் அம்மாவுக்கு நியூயார்க்கில் பெட்டி கிடைக்கும். ஆனால் அபுதாபி வழியாகப் போனால் கதை வேறு. அமெரிக்க இமிக்ரேஷனும் கஸ்டம்ஸும் 2014 முதல் அபுதாபியிலேயே முடிந்துவிடுகின்றன. அப்படிப் போகிறவர் நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணிபோல இறங்குகிறார், பெட்டி டேக்கில் உள்ள ஊருக்குப் போகிறது. இந்தியாவுக்கு வரும்போதும், டெல்லி வழியாகச் சென்னை வருகிறவர் பெரும்பாலும் டெல்லியில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்கவேண்டியிருக்கும்.

பெட்டி கிடைத்தாலும் ஒரு கண்ணி மிச்சம் இருக்கிறது. ஒரு கட்டத்தில் ஏறாவிட்டால், அதே டிக்கெட்டில் மீதியுள்ள பயணத்தை நிறுவனங்கள் ரத்து செய்துவிடும். நியூயார்க்கில் காரில் ஏறிய அம்மா, ஆறு மாதம் கழித்து ஊர் திரும்பக் கிளம்பும்போது டிக்கெட் செல்லாது என்று தெரியவரும்.

நம்பிக்கை 6: நடுவில் இறங்குவது குற்றம், சிறையில் போடுவார்கள்.

உண்மை: இது குற்றவியல் விவகாரம் அல்ல, ஒப்பந்த விவகாரம். ஆஸ்லோவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக சியாட்டல் போய்த் திரும்பிய ஒருவர் கடைசிக் கட்டத்தில் ஏறவில்லை. லுஃப்தான்சா அவரிடம் 2,112 யூரோ கேட்டு வழக்குப் போட்டது. பெர்லின் நீதிமன்றம் 2018 டிசம்பரில் அதைத் தள்ளுபடி செய்தது. இத்தகைய டிக்கெட்டுகளைத் தேடித்தரும் ஸ்கிப்லாக்டு தளம்மீது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடுத்த வழக்கில், தளம் 94 லட்சம் டாலர் தரவேண்டும் என்று டெக்சாஸ் ஜூரி 2024 அக்டோபரில் சொன்னது. அதில் நிறுவனத்தின் சின்னத்தைப் பயன்படுத்திய பதிப்புரிமை மீறலுக்குப் பெரும்பங்கு உண்டு. பயணியைப் பொறுத்தவரை, நிறுவனங்கள் தங்கள் விதிப்படி டிக்கெட்டை ரத்து செய்யலாம், சேர்த்த மைல் புள்ளிகளைப் பறிக்கலாம்.

நம்பிக்கை 7: பெட்டி எங்கோ போனால் நிறுவனம் இழப்பீடு தரும்.

உண்மை: மான்ட்ரியல் உடன்படிக்கை, தாமதமான பெட்டிக்காக 21 நாளுக்குள் எழுத்தில் புகார் செய்ய இடம் தருகிறது. 2024 டிசம்பர் இறுதி முதல் ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்டிஆர் வரை கேட்கலாம். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ஆனால் பயணியின் செயலே இழப்புக்குக் காரணம் என்றால் நிறுவனம் விலகிக்கொள்ளவும் அதே உடன்படிக்கை வழிவிடுகிறது. டேக்கில் இருந்த ஊருக்குச் சரியாகப் போன பெட்டி தொலைந்த பெட்டி ஆகாது.

உண்மையிலேயே நடுவில் இறங்கவேண்டிய நிலை வந்தால் என்ன செய்வது? உடல்நலக் குறைவோ வீட்டில் துக்கமோ என்றால், ஓசையின்றி வெளியேறாமல் டிரான்சிட் கவுண்டரில் சொல்லுங்கள். பெட்டியை இறக்கவும் மீதி டிக்கெட்டைக் காப்பாற்றவும் அவர்களால்தான் முடியும். இரண்டுக்கும் சில மணி நேரம் ஆகலாம், கட்டணமும் கேட்கலாம். முன்பே தெரிந்திருந்தால், பயணத்துக்கு முன் டிக்கெட்டை மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது போகவும் வரவும் தனித்தனியாக வாங்குங்கள். பெட்டி கவுண்டரின் எடைத்தட்டில் ஏறுவதற்கு முன் எடுக்கவேண்டிய முடிவு இது. ஏறிவிட்ட பிறகு, டேக்கில் உள்ள ஊருக்கே நீங்களும் போய்ச் சேர்வதுதான் மலிவு.