வெற்றுக் கணினியிலிருந்து தொடங்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் மென்பொருளின் நிறுவல் குறிப்பைத் திருத்தப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல முடிவு. ஆனால் வாக்கியங்களை எளிமையாக்கினால் போதும் என்று நீ நினைப்பதாகத் தெரிகிறது. அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. நிறுவல் குறிப்புகள் நடையால் தோற்பது குறைவு. எழுதியவரின் கணினியில் எல்லாம் முன்பே இருப்பதால்தான் அவை தோற்கின்றன. இல்லாத ஒன்றைத்தான் நாம் கவனித்து எழுதுவோம். இருப்பது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

ஜாங்கோ என்ற பைத்தான் சட்டகமும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் கொண்ட உன்னுடையது போன்ற ஒரு திட்டத்தையே எடுத்துக்கொள். தேவையான நூலகங்களை பிப் என்ற நிறுவும் கருவி மூலம் நிறுவச் சொல்லி ரீட்மீ கோப்பில் ஒரே ஒரு வரி இருக்கும். அந்தப் பட்டியலில் பைத்தானைப் போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் சைக்கோபிஜி2 இருந்தால், லினக்ஸில் அது மூல நிரலிலிருந்து கம்பைல் ஆகும். அதற்கு சி கம்பைலர் வேண்டும். டெபியன், உபுண்டு இரண்டிலும் லிப்பிக்யூ-டெவ் என்ற பொதியும் வேண்டும். நீ அதை என்றோ வேறு வேலைக்காகப் போட்டு மறந்திருப்பாய். உன்னிடம் அந்த வரி எப்போதும் ஓடும். புதிதாக வருகிறவருக்கோ திரை நிறையப் பிழைச்செய்தி. அதைக் கடந்து தரவுத்தளத்துக்குள் நுழையப் போனால் அங்கே இன்னொரு கதவு: கணினியின் பயனர் பெயரும் தரவுத்தளப் பயனர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அந்த இயங்குதளங்களில் போஸ்ட்கிரெஸின் இயல்பமைப்பு. இதை அறிந்தவருக்கு ஒரு நிமிட வேலை. அறியாதவர் தனக்கு இதெல்லாம் வராது என்று முடிவு கட்டி மூடிவிட்டுப் போய்விடுவார். போனவர் உனக்கு எழுதவும் மாட்டார். குறை சொல்லி யாரும் எழுதவில்லையே என்று நீ ஆறுதல் கொள்வது அதனால்தான் ஆபத்து.

எழுதிய நாளில் சரியாக இருந்த குறிப்பும் நிலைப்பதில்லை. உபுண்டு 20.04-இல் வெறும் ‘பைத்தான்’ என்ற கட்டளை இயல்பாக இருக்கவில்லை. ‘பைத்தான்3’ என்று அடிக்க வேண்டும். 2023-இல் டெபியன் 12 வந்தபோது, மெய்நிகர் சூழல் இல்லாமல் பிப்பை ஓட்டினால் கணினி மறுக்கத் தொடங்கியது. இயங்குதளத்தின் சொந்தப் பொதிகளோடு மோதல் வரக்கூடாது என்பதற்கான நியாயமான தடுப்பு அது. ஆனால் பழைய குறிப்புகள் அப்படியே கிடந்தன. வழி தெரியாதவர்கள், அந்த மறுப்பைப் புறந்தள்ளும் தெரிவைச் சேர்த்து ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். கணினியைக் கெடுக்கக்கூடும் என்று அதன் பெயரே எச்சரிக்கிறது. நம் சோம்பல் இன்னொருவரின் கணினியில் போய் விடிகிறது, பார்.

நிரல் மாறிக்கொண்டே இருக்கும்போது ஆவணத்தைத் துரத்த முடியுமா என்று கேட்பாய். துரத்த வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்தின்போதும், அந்தக் கட்டளைகளையே ஒரு வெற்று இயங்குதளத்தில் தானாக ஓட்டிப் பார்க்கும்படி சோதனை அமைத்துவிடு. சோதனை தவறினால் அதை மற்றப் பிழைகளைப் போலவே நடத்து. எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டித் தரும் டாக்கர் இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. பயன்படுத்த மட்டும் வருகிறவருக்கு அது உதவும். அதையும் தயங்காமல் கொடு. ஆனால் நிரலைத் திருத்த வருகிறவர் பெட்டியைத் திறந்தாக வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அப்போதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அடிப்படை தெரியாதவர்களுக்கெல்லாம் பாடம் நடத்த முடியாது என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. அப்படியானால் எது அடிப்படை என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடு: எந்தப் பைத்தான் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்தக் கருவிகள். வாசலிலேயே சொல்வது மரியாதை. பாதி வழியில் கைவிடுவது மரியாதை ஆகாது.

ஜாங்கோவின் அறிமுகப் பாடத்தைத் திறந்து அதன் தொடக்கத்தை மட்டும் கவனி. முதலில் பதிப்பைச் சரிபார்க்கச் சொல்கிறது. நிறுவப்பட்டிருந்தால் திரையில் என்ன வரும், இல்லையென்றால் எந்தப் பிழை வரும் என்று இரண்டையும் சொல்கிறது. பல படிகளுக்குப் பிறகு ‘இப்போது இது தெரிய வேண்டும்’ என்று ஒரு வரி. புதியவருக்குக் கைப்பிடிச் சுவர் போல அது. உன் பக்கத்தில் கட்டளைகள் வரிசையாக நிற்கின்றன. அந்த வரி ஓரிடத்திலும் இல்லை.

கிட்ஹப் 2017-இல் நடத்திய திறந்தமூல ஆய்வில், முழுமையற்ற அல்லது காலாவதியான ஆவணம் என்ற சிக்கலைக் கண்டதாக 93 விழுக்காட்டினர் சொன்னார்கள். பங்களிப்பவர்களில் 60 விழுக்காட்டினர் ஆவணத்தில் அரிதாகவே கை வைக்கிறார்கள், அல்லது வைப்பதே இல்லை என்றார்கள். ஆகவே யாராவது திருத்துவார்கள் என்று காத்திருக்காதே. உன் திட்டத்தை நம்பி முதன்முதலாகக் கணினியைத் திறக்கும் ஒரு கல்லூரி மாணவிக்கு நீ மட்டும்தான் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுது.

எழுதி முடித்ததும் உன் தங்கையின் கணினியில் புதிதாக டெபியனைப் போட்டு, பக்கத்தை அவளிடம் கொடு. அருகில் உட்கார், ஆனால் வாய் திறக்காதே. அவள் எங்கெங்கே தயங்கி நிற்கிறாள் என்று மட்டும் குறித்து எனக்கு அனுப்பு. அடுத்த கடிதத்தில் அந்த இடங்களைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
சித்தப்பா